கைகாட்டி

"கைகாட்டி எறங்கிட்டு" என்று ஒருவர் சொன்னால் போதும், ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு எழுந்துவிடுவார்கள். திருநெல்வேலியில் கிளம்பி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களைத் தொட்டு, 1903-ல் செங்கோட்டை சேர்ந்த மீட்டர் பாதையில் ரயிலின் வரவைச் சொன்னது சிக்னல் கம்பத்தின் அந்தக் கைதான்.

வழிகாட்டி வழியைக் காட்டும், திசைகாட்டி திசையை. கைகாட்டியில் கையே செய்தி. பஸ்ஸுக்குக் கை காட்டுகிறோமே, அந்தக் கை. சாலையோரம் நின்று கையை நீட்டினால் நம் ஊரில் 'நில்' என்று பொருள். கம்பத்தின் சிவப்புக் கையும் கிடையாக நீண்டிருந்தால் நில்; கீழே சாய்ந்தால் வா. இதுபோன்ற கைக்கம்பத்துக்குக் கிரேக்க வேர்களைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய செமஃபோர் என்ற சொல்லுக்குக் 'குறியைச் சுமப்பது' என்று பொருள். தமிழர்கள் அகராதியைத் தேடவில்லை. கண்டதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு இந்தச் சொல்லின்மேல் உள்ள பிரியம் அதனால்தான்.

ஆனால் அந்தக் கையை இழுத்த கைக்குத் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லை. அது இருந்த இடம் கேபின், இழுத்தது லீவர். லீவரிலிருந்து கப்பிகள் மேல் ஓடும் கம்பி, தொலைவில் நிற்கும் கையை அசைக்கும். லீவர்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856-ல் காப்புரிமை பெற்றார். தாழையூத்தில் சிமெண்ட் ஆலைக்குப் பிரிவதுபோல, நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் சைடிங் என்ற கிளைப்பாதை பிரிகிற இடங்களில் இதன் அருமை தெரியும். ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் சைடிங் பக்கம் திரும்பியிருந்தால் நேர்ப்பாதைக்கான லீவர் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கம்பியே அறுந்துபோனாலும் எடைக்கட்டி இறங்கி, கையைக் கிடையாக்கி ரயிலை நிறுத்தும்.

இரவில் கைக்குப் பதில் மண்ணெண்ணெய் விளக்கு. பச்சை தெரிய வேண்டிய இடத்தில் நீலங்கலந்த கண்ணாடி வைத்தார்கள். மஞ்சள் சுடர் அதனூடே பச்சையாகும்.

செங்கோட்டைப் பாதை 2012-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. இப்போது வண்ண விளக்குகள். கையும் இல்லை, சாய்வும் இல்லை. ஆனாலும் சாலைச் சந்திப்பில் பச்சை எரிந்ததும் பின்னாலிருப்பவர் "சிக்னல் விழுந்துட்டு, போங்க" என்கிறார். விளக்கு எப்படி விழும்? விழுந்தது அந்தப் பழைய கைதான் என்று நினைக்கிறேன்.