பல் இம்ப்ளான்ட் செய்யும் முன்: மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்



வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வரும் சகோதரர்கள் பலர், ஊரில் இருக்கும்போதே பல் வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பல் அடைக்க அது போதும். இம்ப்ளான்ட்டுக்குப் பெரும்பாலும் போதாது. தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகோடு எலும்பு வளர்ந்து இறுக வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதன் பிறகே மேலே பல் பொருத்துவார்கள். உடனடியாகத் தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு என்றாலும், எல்லோருக்கும் அது ஒத்துவராது.

ஆகவே இரண்டு விடுமுறைகளாகத் திட்டமிடுங்கள். முதல் முறை திரும்பும்போது, பதித்த திருகின் நிறுவனப் பெயர், விட்டம், நீளம் அச்சிட்ட ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் கருவியும் உதிரிப் பாகமும் வேறு. அந்தச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டில் வேறு மருத்துவரிடம் போனால், அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது மருந்துகள். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத பெரியவர்களைக் காண்பது அரிது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அது 8-க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் புண் ஆறுவதும் தாமதம், எலும்பு ஒட்டுவதும் சந்தேகம்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், பல் மருத்துவமனைக்குப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. ஈறில் வரும் இரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்தலாம். மாத்திரையை நிறுத்தியதால் வரும் மாரடைப்பு அப்படியல்ல. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

பலரும் சொல்ல மறப்பது, உம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்காகப் போடும் ஊசி. வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசி போன்றவை எடுப்பவர்களில் சிலருக்கு, தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் எலும்பே பட்டுப்போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும் அவதி. போன வருடம் போட்ட ஊசிதானே என்று விட்டுவிடாமல், பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

புகைப்பவர்கள் நிறுத்தாமல் இந்தச் செலவைச் செய்வது வீண் என்பேன். வெற்றிலை, புகையிலை, குட்கா எல்லாம் இதில் அடக்கம்.

இனி, கேட்க வேண்டிய கேள்வி. பல் எடுத்து வெகுநாளாகிவிட்டால் அந்த இடத்து எலும்பு சுருங்கியிருக்கும். 3டி ஸ்கேனில் எலும்பு போதவில்லை என்று தெரிந்தால் எலும்புத் தூள் வைத்து, மேலே மெல்லிய கொலாஜன் சவ்வு மூடுவார்கள். அந்தத் தூள் மாடு, பன்றி, இறந்த மனிதரின் தான எலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் என எதிலிருந்தும் வரலாம். சவ்விலும் பன்றி, மாடு இரண்டும் உண்டு. நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. இதன் சட்டம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் பெரும்பாலும் மாற்றுப் பொருள் கிடைக்கிறது. அதை அறுவை நாளன்று நாற்காலியில் படுத்துக்கொண்டு கேட்காமல், முதல் சந்திப்பிலேயே சொன்னால் மருத்துவர் வரவழைத்து வைப்பார்.

இது அவசர சிகிச்சை இல்லை என்பதால் ரமளானைத் தவிர்த்து நாள் குறிப்பதே நல்லது. முதல் சில நாட்கள் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். வாயில் கசியும் இரத்தத்தை விழுங்கிவிடும் அச்சமும் இருக்கும். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். சர்க்கரை உள்ளவர்கள் அன்று திங்கள், வியாழன் நஃபில் நோன்போடு போக வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும் வெறும் வயிற்றோடு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உளூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளித்தால் இரத்தக் கட்டி கலைந்து மீண்டும் இரத்தம் கசியும். தண்ணீரை மெதுவாக வாயில் எடுத்து, துப்பாமல் தானாக வழியவிட்டால் போதும்.