அறநிலம் காத்த அருந்தொண்டர்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைந்து செல்ல, இடைப்பட்ட தீவகத்தே திருவானைக்காவும் திருவரங்கமும் திகழ்கின்றன. தென்கரையிலே சிராமலை நிமிர்ந்து நிற்கின்றது. இத்தலங்களை அடைவோர் கோபுரம் கண்டு கைகூப்புவர். அக்கோபுரத்தின் உள்ளே விளக்கு அணையாமலும் பூசை வழுவாமலும் நிலைபெற்றமைக்குக் காரணமாகிய வயல்களையும், அவ்வயல்களைக் காத்து நின்றோரையும் நினைவார் மிகச் சிலரே.

சோழர் காலத்தே சிவாலயத்திற்கு அளித்த நிலம் தேவதானம் எனவும், திருமால் கோயிலுக்கு அளித்தது திருவிடையாட்டம் எனவும் வழங்கிற்று. நிலக்கொடை வாய்ச்சொல்லோடு முடிந்ததன்று. மன்னன் ஆணை ஓலையில் ஏறி நாட்டாரை அடையும். அவர்கள் பிடியானையை நடத்தி எல்லையைச் சூழ்ந்து வந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதி ஒப்பமிடுவர். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள அன்பிலில் கிடைத்த சுந்தர சோழன் காலத்துச் செப்பேடு, அமைச்சர் அநிருத்த பிரமாதிராயருக்கு அளித்த நிலத்தைக் கூறுமிடத்து இம்முறையைக் காட்டுகின்றது. கோயில் நிலமாயின் நாட்டிய கல்லே உரிமையைப் பேசும்: சிவன் நிலத்திற்குத் திருச்சூலக்கல்; திருமால் நிலத்திற்குத் திருவாழிக்கல்.

அளவையும் நுட்பமானது. வேலியில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரிகை. முதலாம் இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டையொட்டியும், முதற் குலோத்துங்கன் காலத்தில் 1086இலும் நாடு முழுதும் அளக்கப்பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி எனக் கழித்த பின்னரே விளைநிலத்தைக் கணக்கிடுகின்றன. பொதுநிலம் பொதுநிலமாகவே நிற்க வேண்டும் என்னும் அறிவு இதனுள் விளங்குதல் காண்க.

எல்லைக்கல் தானே காவல் செய்யாது. ஆற்றுப் பெருக்கில் மணலேறினால் அடையாளம் மறையும். வாய்க்கால் தூர்ந்தால் விளைவு குன்றும். ஓலை செல்லரித்தால் உரிமை ஐயத்திற்கிடமாகும். ஆதலின் தேவகன்மிகளும், மாகேசுவரக் கண்காணி செய்வாரும், கோயிற் கணக்கரும் அமைந்தனர். திருமால் கோயில்களில் ஸ்ரீவைணவக் கண்காணி செய்வார் அப்பணியைப் புரிந்தனர். குடிநீங்காத் தேவதானம் என்னும் வகையில் முன்பிருந்த உழுகுடிகள் நீக்கப்படவில்லை. கோயிலின் உரிமையையும் உழுவோன் வாழ்வையும் ஒருங்கே காத்தல் அவர் கடனாயிற்று. அறம் செய்தவன் கல்வெட்டின் இறுதியில் அவ்வறத்தைக் காப்பவனது திருவடியைத் தன் தலைமேற் சூடுவதாகக் கூறுதல் மரபு. கொடுத்தவனே காத்தவனை வணங்குகின்றான்! காத்தலின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிற நாட்டாரும் இவ்வுண்மையை உணர்ந்தனர். இங்கிலாந்தில் 1895இல் தோன்றிய தேசிய அறக்கட்டளை, தன் நிலங்களை எவரும் விற்கவொண்ணாதன என அறிவிக்கும் உரிமையை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெற்றது. அமெரிக்காவில் நிலவுடைமையாளர், காட்டையும் வயலையும் அழித்து மனையாக்குவதில்லை என்று தம் நிலத்தை என்றைக்குமாகக் கட்டுப்படுத்தி எழுதித் தருகின்றனர். நிலம் கைமாறினும் அக்கட்டு நீங்காது. ஆண்டுதோறும் ஒருவர் எல்லையை நடந்து பார்த்துக் குறிப்பெழுதுகின்றார். நம் கண்காணி செய்வாரின் தொழில் வேறு பெயரில் அங்கே நடைபெறுகின்றது.

நம் நாட்டிலோ காவல் பலமுறை கைமாறிற்று. 1817இல் கும்பினி அரசின் வருவாய் வாரியம் மேற்பார்வை ஏற்றது. 1863இல் அரசு அதனினின்று விலகியது. 1925இல் அறநிலைய வாரியம் தோன்றிற்று. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்றலும், ஈடுவைத்தலும், 5 ஆண்டிற்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதலும் செல்லா என விதித்தது. 78ஆம் பிரிவு ஆக்கிரமிப்பை அகற்ற வழி செய்தது. 2021 முதல் ரோவர் என்னும் கருவியால் நிலங்கள் அளக்கப்பெற்றுப் புதிய எல்லைக்கற்கள் நாட்டப்பெறுகின்றன. பிடியானை நடந்த வழியைக் கருவி இன்று தேடுகின்றது.

சிவன் சொத்து குலநாசம் என்பர். அது திருடனை அச்சுறுத்தும் சொல் மட்டுமன்று. கண்ணெதிரே எல்லைக்கல் பெயர்வதைக் கண்டும் வாளாவிருப்பாரையும் அது சுட்டும். குடமுழுக்கிற்குப் பொருள் அளித்த அன்பர்கள், தம் முன்னோர் எழுதிவைத்த நிலம் எங்குள்ளது, அதன் விளைவு எந்த விளக்கிற்கு உரியது என்று ஒருமுறை கேட்டறிதல் வேண்டும். கலசத்தில் வார்த்த நீர் ஒரு நாளில் உலரும். காக்கப்பெற்ற நிலம் ஞாயிறும் திங்களும் உள்ளளவும் விளக்கேற்றும்.

திருச்சிற்றம்பலம்.