அம்புத் தண்டு: தெரிவும் சோதனையும்

புளியந்தீவுக்கு வடக்கே, வாகரைப் பக்கத்தில், தமிழ் பேசும் வேடர் ஊர்கள் உள்ளன. ஆழிப்பேரலையும் போரும் அவர்களை மாறி மாறி இடம்பெயர வைத்தன. வில்லும் அம்பும் இன்றும் அவர்களின் சடங்குகளில் இருக்கின்றன.

வேடர் அம்பின் இரும்பு அலகு கொல்லனுடைய வேலை. அம்பின் வடிவில் இலையை வெட்டி, இறைச்சியோடு இரவில் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். 1681 இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதியது இது. தண்டை அவர்களே வினாங்கு மரத்தில் செதுக்கினார்கள். மரத்தண்டென்றால் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எய்யும்போதே முறியும்.

இன்று வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் அலுமினியம், காபன் தண்டுகள் வருகின்றன. அலுமினியம் வளைந்தால் சமதளத்தில் உருட்டியதும் தெரியும். காபன்தான் ஏமாற்றும்: வெளியே பளபளப்பு, உள்ளே வெடிப்பு. பஞ்சால் தடவுங்கள், சிக்கினால் சிலாம்பு உண்டு. இரு முனையையும் பிடித்து இலேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காது கொடுங்கள். நெரியும் சத்தம் கேட்டால் அது வேண்டாம்; வெடித்தால் கையைக் கிழிக்கும். குறுக்குவில்லில் நாண் குறுகிய தூரத்தில் பலமாகத் தள்ளுவதால் பின்முனையை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கழித்த அம்பின் முனையைக் கழற்றிவிட்டே எறியுங்கள். முழுதாகக் கிடந்தால் பிள்ளைகள் எடுத்து எய்வார்கள்.