பரிசல் (ஒகேனக்கல்)
தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் காவிரியில் ஓடும் வட்டப் படகு. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, அடியில் பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள், முன்பு மாட்டுத்தோல். விட்டம் ஏறக்குறைய 7 அடி. இதைவிடப் பெரிதாக்குவது எளிதல்ல: எல்லா அளவையும் இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், கொள்ளளவோ, அதனால் ஏற்றும் பாரமோ எட்டு மடங்கு. அந்தப் பாரத்துக்கு மெல்லிய பிளாச்சு நெளியும். தடித்ததை முடைவது கடினம். பெரிதாக்கினால் பாரத்தோடு ஒப்பிடப் பலம் குறையும் என்ற இந்தக் கணக்கை 1638இல் கலிலியோ எழுதிவைத்தார். ஆனாலும் துங்கபத்திரை ஆற்றில் 15, 20 பேர் ஏறும் தோல் பரிசல்களை 1520 வாக்கில் போர்த்துகீசியப் பயணி தொமிங்கோ பயஸ் பார்த்திருக்கிறார். ஒகேனக்கல்லில் மூங்கிலுக்கு முன்பே பரிசல்காரரின் தோள் எல்லை போட்டுவிடுகிறது: சுக்கான் இல்லாத படகைப் பாறைகளுக்கிடையே ஒற்றைத் துடுப்பால் திருப்ப வேண்டும், கரையேறியதும் தலையில் கவிழ்த்துச் சுமக்க வேண்டும்.