இணைய இணைப்புப் பகிர்வு: மதுரை வட்டாரம்

ஒரே தொலைபேசிக் கம்பி, ஒரே ஃபைபர் அல்லது ஒரே சிம் கார்டு வழியாக வரும் இணையத்தை ஒரு வீட்டில், கடையில், ஊரில் உள்ள பல கருவிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாடே இணைய இணைப்புப் பகிர்வு. மதுரை நகரில் இது பிரௌசிங் சென்டர்களோடு பரவியது. மேலூர் வட்டத்துக் கிராம இணையக் கியோஸ்க்குகளும், மேற்கே தேனியைச் சுற்றி அமைந்த கண் பரிசோதனை மையங்களும் இந்த வட்டாரத்தில் நடந்து, ஆய்வுலகின் கவனத்தைப் பெற்ற இரண்டு முயற்சிகள்.

செயல்படும் விதம்

சேவை நிறுவனம் ஒரு வாடிக்கையாளருக்குத் தருவது பொதுவாக ஒரே ஒரு ஐபி முகவரி. அதை ரூட்டர் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி முகவரிகளை வழங்குகிறது. இதற்கென்று 1996-ல் ஒதுக்கப்பட்ட மூன்று தொகுதிகளில் 192.168 என்று தொடங்குவதுதான் வீடுகளில் அதிகம் காணப்படுவது. அண்ணாநகர் வீட்டிலும் திருநகர் கடையிலும் அதே 192.168.1.5 இருக்கலாம். அந்த எண் வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை என்பதால் மோதல் வராது.

ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் ஒரே அரசுத் தேர்வாணையத் தளத்தைத் திறக்கின்றன என்று கொள்வோம். முதல் கணினி 192.168.1.5, இரண்டாவது 192.168.1.6. இரண்டின் கோரிக்கைகளும் ரூட்டரைக் கடக்கும்போது, அனுப்புநர் முகவரி அழிக்கப்பட்டு ரூட்டரின் பொது முகவரி எழுதப்படுகிறது. கூடவே முதல் கோரிக்கைக்கு 40001, இரண்டாவதற்கு 40002 என்பது போல ஆளுக்கொரு போர்ட் எண் இடப்பட்டு, யாருக்கு எந்த எண் என்பது ரூட்டரின் அட்டவணையில் பதிவாகிறது. பதில் 40002-க்கு வந்தால் அது இரண்டாவது கணினிக்குரியது. 1994-ல் ஆவணமாக வெளியிடப்பட்ட முகவரி மாற்றம் என்ற உத்தியின் பரவலான வடிவம் இதுதான். அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் ரூட்டர் தள்ளிவிடும். அதனால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அதே காரணத்தால்தான் கடையின் சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் தனியாக வழி திறந்துவிட வேண்டியிருக்கிறது.

உலகப் பொது இருப்பில் இருந்த பழைய வகை முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதன் பிறகு சேவை நிறுவனங்களே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் அடைக்கத் தொடங்கின. இதற்கென 2012-ல் 100.64 என்று தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரூட்டரின் வெளிப்பக்க முகவரி இந்தத் தொகுதியில் இருந்தால், வீட்டில் என்ன வழி திறந்துவிட்டாலும் கேமரா வெளியே தெரியாது. நிலையான முகவரியை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது புதிய வகை முகவரியான ஐபிவி6 பயன்படுத்த வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்க்க வேண்டும்.

டயல்-அப் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1998-ல் தனியாருக்கும் இத்துறை திறந்துவிடப்பட்ட பின் பிரௌசிங் சென்டர்கள் பெருகின. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்புப் பகிர்வு வசதி சேர்ந்தே வந்தது: மோடம் பொருத்திய கணினி 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும், மற்றவை ஹப் வழியாக அதன் பின்னால் நிற்கும். அந்த முதல் கணினியை அணைத்தால் எல்லோருக்கும் இணைப்புப் போய்விடும்.

56 கிலோபிட் மோடத்தை ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு நொடிக்கு ஒன்றரை கிலோபைட்கூடத் தேறாது. ஐம்பது கிலோபைட் பக்கம் ஒன்று திறக்க அரை நிமிடத்துக்கு மேலாகும். இருந்தும் பிரௌசிங் சென்டர்கள் ஓடின. ஒருவர் மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடம் அவருக்குக் கம்பி தேவைப்படுவதில்லை, அடுத்தவர் முழு வேகத்தையும் எடுத்துக்கொள்கிறார். பகிர்வு என்ற ஏற்பாடே இந்த இடைவெளிகளை நம்பித்தான் நிற்கிறது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் இந்தக் கணக்கு உடைந்துபோகும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கம்பி வேண்டும்.

மேலூர்க் கியோஸ்க்குகள்

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெநெட் குழு, கம்பி இழுக்காமல் கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்க கார்டெக்ட் என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதை வைத்து என்-லாக் நிறுவனம், ஹார்வர்ட் பல்கலைக்கழகம், எம்ஐடி ஊடக ஆய்வகம் ஆகியவற்றோடு சேர்ந்து 2001-ல் மேலூர் வட்டத்தில் சாரி திட்டம் தொடங்கியது. 80-க்கும் மேற்பட்ட கியோஸ்க்குகள் அமைந்தன. சிலவற்றைச் சுயதொழில் முனைவோர் நடத்தினர், சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நடத்தியது.

மேலூரில் இருந்த மையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரம் வரை அலை எட்டியது. கூரையில் பொருத்திய ஆன்டெனாவுக்குக் கோபுரம் நேராகத் தெரிய வேண்டும். சமவெளி இதற்குத் தோதானது, குறுக்கே குன்றோ தென்னந்தோப்போ வந்தால் சிக்கல். கியோஸ்க்குக்குக் கிடைத்த வேகம் 70 கிலோபிட், தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் 35. வெப்கேமில் எடுத்த 30 கிலோபைட் படம் ஒன்றை நான்கு நொடிக்குள் அனுப்ப அது போதும். அப்படித்தான் கிராமத்தாரின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், நோய் கண்ட பயிரின் படத்தை வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களும் சான்றிதழ் கோரிக்கைகளும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகப் போயின. ஒரு மனுவுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சில ஆண்டுகளில் கியோஸ்க்குகள் பலவும் மூடப்பட்டன. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006-லும் 2008-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதை விரிவாகச் சொல்கின்றன. திட்டத்தை ஆதரித்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசுச் சேவைகள் தளர்ந்தன, வருமானம் செலவுக்குக் கட்டவில்லை, பழுதுக்கு ஆள் கிடைப்பது கடினமானது. அலைவரிசை போதாததைவிட இவையே பெரிய காரணங்கள். இன்று இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசையைப் பார்க்கும்போது, மேலூரில் அன்று கண்டறிந்த தேவை உண்மையானது என்பதில் சந்தேகம் இல்லை. அதைத் தொடர்ந்து தாங்கிப்பிடிக்க அன்று அரசுக்குள் நிலையான ஏற்பாடு இல்லை.

தேனி வைஃபை இணைப்புகள்

2005 ஜனவரியில் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்திய அரசு உரிம விலக்கு அளித்தது. அரவிந்த் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய குழுவும் சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களின் கண் மையங்களையும் வைஃபை மூலமே இணைத்தன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், மருத்துவர் தேனியில் இருந்தபடி வீடியோவில் நோயாளியோடு பேசுவார்.

சாதாரண வைஃபை இவ்வளவு தூரத்துக்குச் சரிப்படாது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்ற பதில் வர வேண்டும். பல கிலோமீட்டர் தாண்டி அது வந்து சேருமுன் கருவி பொறுமையிழந்து மறுபடி அனுப்பிவிடும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே நேரத்தில் பேசி மோதவும் செய்யும். 2007-ல் இந்தக் குழு வெளியிட்ட வைல்ட்நெட் முறை, கண்மாய்ப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடுவதுபோல, ஒவ்வொரு முனைக்கும் நேரத்தை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தது. அதே விலை குறைந்த கருவிகளில் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது.

பிராட்பேண்டும் வீட்டு ரூட்டரும்

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் சேவையைத் தொடங்கியபோது வேகம் 256 கிலோபிட். மோடத்தைப் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் அமைத்துவிட்டுப் போவார்கள்: கணினியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து டயல் செய்ய வேண்டும், அந்த ஒரு கணினிக்கு மட்டுமே இணையம் வரும். 192.168.1.1-க்குள் போய் அந்தக் கடவுச்சொல்லை மோடத்திலேயே பதிந்து ரூட்டர் முறைக்கு மாற்றினால் வீடு முழுவதும் பகிரலாம். இதைக் கற்றுக்கொண்ட தெருப் பையன்களால் எத்தனையோ வீடுகளில் இரண்டாவது கணினிக்கும் இணையம் கிடைத்தது.

இன்று ஃபைபரோடு வரும் பெட்டியே ரூட்டராகவும் இருக்கிறது. சிக்னல் எட்டவில்லை என்று மாடியில் இன்னொரு ரூட்டரை வாங்கி மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இரண்டுக்கும் 192.168.1.1 என்றிருந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். இரண்டாவதன் முகவரியை மாற்றி, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, லேன் துளையில் கேபிளைச் செருகினால் சரியாகிவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 மேல். நெருக்கமான தெருக்களில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குறுக்கீடு குறையும்.

மொட்டைமாடி விட்டு மொட்டைமாடிக்கு லேன் கேபிள் இழுப்பது இங்கே சகஜம். கோடை இடிமழையில் அந்தத் தாமிரக் கம்பி வழியே வரும் மின் அதிர்ச்சி ரூட்டரின் துளைகளையும் கணினியின் லேன் கார்டையும் சேர்த்தே எரித்துவிடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுவதே முறை. லேன் கேபிளின் 100 மீட்டர் எல்லையும் அதற்குப் பொருந்தாது.

சட்டநிலை

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. விசாரணை முதலில் இணைப்பின் உரிமையாளரைத் தேடித்தான் வந்தது. முகவரி மாற்றத்தில் வெளியே தெரிவது அவருடைய முகவரி மட்டுமே என்பதால் வேறு வழியும் இல்லை. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கான அறிவுறுத்தல்களை வெளியிட்டது. 2011-ன் சைபர் கஃபே விதிகள் வாடிக்கையாளரின் அடையாளச் சான்றைப் பதிவுசெய்யவும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவும், கணினி இருக்கைகளுக்கு இடையிலான தடுப்புகள் நாலரை அடி உயரத்தைத் தாண்டாமல் இருக்கவும் வலியுறுத்துகின்றன.

வீட்டு இணைப்பைப் பக்கத்து வீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது சேவை ஒப்பந்தங்களில் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இதற்குச் சட்டபூர்வமான வழி ஒன்றைத் திறந்தது. அதன்படி ஒரு டீக்கடையோ மளிகைக் கடையோ தனி உரிமமும் கட்டணமும் இல்லாமல் பொதுத் தரவு அலுவலகமாக இயங்கி, வைஃபையைச் சில்லறையாக விற்கலாம். யார் பயன்படுத்தினார் என்ற பதிவை அங்கே தனி நிறுவனம் கவனித்துக்கொள்கிறது, கடைக்காரர் நோட்டில் எழுதி வைக்க வேண்டியதில்லை.