எழுதப்படாத ஓர் அறிக்கை

அமெரிக்காவில் கவர்னர் பதவி ஓர் அரசியல்வாதிக்கு வாசற்படி. நியூயார்க்கிலிருந்து ரூஸ்வெல்ட், ஜார்ஜியாவிலிருந்து கார்ட்டர், கலிபோர்னியாவிலிருந்து ரீகன் என்று அந்தப் படியேறி வெள்ளை மாளிகைக்குள் போனவர்கள் பலர். நம்மிடம் அது பெரும்பாலும் திண்ணை. ஓடி ஓய்ந்தவர்களை மரியாதையாக உட்கார்த்தி வைக்கும் இடம். அங்கே கவர்னரைத் தேர்ந்தெடுப்பவன் வாக்காளன். 2003-ல் கலிபோர்னியாவில் கிரே டேவிஸைப் பதவிக்காலம் முடியுமுன் இறக்கியதும் அவனே. அந்நாட்டு ஜனாதிபதிக்கு ஒரு மாநில கவர்னரை நீக்க அதிகாரமில்லை. இங்கோ, ஜனாதிபதி விரும்பும்வரைதான் கவர்னரின் ஆயுள். ஜனாதிபதியின் விருப்பம் என்பது மத்திய மந்திரிசபையின் விருப்பம்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. கவர்னரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் 1947-ல் அரசியல் நிர்ணய சபை ஒப்புக்கொண்டது. 1949 மே இறுதியில் மனம் மாறியது. வாக்குப் பெற்ற முதல் மந்திரியும் வாக்குப் பெற்ற கவர்னரும் மோதிக்கொள்வார்கள் என்பது அன்றைய வாதம். நியாயமான பயம்தான். ஆனால் நியமனத்தால் மோதல் ஒழிந்ததா? மோதுபவர்களில் ஒருவருக்கு மக்களிடம் பதில் சொல்லும் கடமை மட்டுமே ஒழிந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்திரிக் குன்றைக் குடைந்த கோவிலில் இருக்கும் நரசிம்மரின் கதையை இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளேயும் அல்லாமல் வெளியேயும் அல்லாமல் நிலைப்படியில் நடந்த காரியம் அது. சாசனம் கவர்னரை நிறுத்தியிருப்பதும் நிலைப்படியில்தான். மாநில நிர்வாகம் அவர் பெயரில் நடக்கிறது. அவரோ மத்திய அரசின் மனிதர். நிலைப்படியில் நிற்பவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதே நமது கவர்னர்களின் சரித்திரம்.

1976 ஜனவரியில் கே. கே. ஷா டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார்; 31-ம் தேதி கருணாநிதி மந்திரிசபை போயிற்று. பதினைந்து வருஷம் கழித்து, 1991 ஜனவரியில், அதே முதல் மந்திரிக்கு எதிராக அதே வகை அறிக்கை தேவைப்பட்டது. காங்கிரஸின் ஆதரவில் நின்ற சந்திரசேகர் அரசு, விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தையும் சட்டம் ஒழுங்கையும் காரணமாகக் காட்டியது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா எழுத மறுத்தார். பஞ்சாபில் முதல் மந்திரியாக இருந்த அவரது ஆட்சியே 1987-ல் இப்படிக் கலைக்கப்பட்டதுதான். அறிக்கையின் மறுமுனையில் நின்றவர் அவர்.

மறுப்பு பலிக்கவில்லை. சாசனத்தின் 356-ம் பிரிவு, கவர்னரின் அறிக்கை கிடைத்தோ 'வேறு வகையிலோ' ஜனாதிபதி முடிவு செய்யலாம் என்கிறது. 1949-ல் எச். வி. காமத் எதிர்த்த சொல் இது. 1991 ஜனவரி 30-ல் அந்தச் சொல்லின் வழியாக ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் ராஜிநாமா செய்தார். 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, கலைப்பு நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்றது.

1991 மே 21 இரவு, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகப் போகும் சாலையின் மறுமுனையான ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். டெல்லி சொன்னதே சரி, பர்னாலா தவறு என்று பலருக்கும் அன்று தோன்றியது. ஆனால் கொலை நடந்தது ஜனாதிபதி ஆட்சியில். கலைப்புக்கு ஏறக்குறைய நான்கு மாதத்துக்குப் பின். அபாயம் உண்மை, கலைப்பு அதைத் தடுக்கவில்லை. அவர் எழுத மறுத்தது சரியா என்பதை அந்த ஜனவரியில் அவர் முன்னிருந்ததை வைத்துத்தான் நிறுக்க வேண்டும், மே மாதத்து ரத்தத்தை வைத்தல்ல.

கவர்னர் எழுதாதிருப்பதெல்லாம் உயர்வு என்றும் ஆகாது. சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்களைக் கையெழுத்திடாமல் வைத்திருப்பதும் எழுதாதிருத்தல்தான். தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் குறித்து 2025 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் கவர்னரின் செயல் செல்லாது என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள், கவர்னருக்குக் கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். ஒரு மௌனம் சட்டசபையைக் காத்து நின்றது. இன்னொன்று அதன் குறுக்கே நின்றது. இரண்டையும் பிரித்தறிய மனசாட்சியைத் தவிர வேறொன்றை நம் சாசனம் வாக்காளனிடம் கொடுக்கவில்லை. அந்த மனசாட்சியும் அவனுடையதல்ல, கவர்னருடையது.

பர்னாலா 2004-ல் திரும்பவும் தமிழ்நாட்டுக்கே கவர்னராக வந்து 2011 வரை இருந்தார். அப்போது அவரை நியமித்த மத்திய அரசில் தி.மு.க.வும் இருந்தது. தகுதியான மனிதர்தான். அதற்கும் யாரும் வாக்களிக்கவில்லை.