கட்டிலருகே வந்த குப்பி

மருத்துவமனைக் கட்டிலின் கம்பியில் தொங்கும் கைச்சுத்தத் திரவக் குப்பிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலாக அது பிறந்தது. பிணவறையில் சவத்தை அறுத்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்த மாணவர்களை, அதில் கை கழுவிய பிறகே தாய்மாரிடம் விட்டார் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேரைக் கொண்டுபோன பிரசவக் காய்ச்சல், ஜூனில் இரண்டு பேராக இறங்கியது. சாவைச் சுமந்து வந்தது தங்கள் கைதான் என்பதை அன்றைய மருத்துவ உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில் செம்மல்வைஸ் இறந்தார்.

கிருமி என்பது நிரூபணமான பிறகு சோப்பும் குழாயும் வந்தன. கை கழுவுவதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் வார்டில் அது நடக்கவில்லை. பழி எளிதாகச் செவிலியர்மேல் விழுந்தது. உண்மை வேறு. 1994-இல் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் டிடியர் பிட்டே குழுவினர் உட்கார்ந்து எண்ணியபோது, கழுவ வேண்டிய தருணங்களில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே கைகள் சுத்தமாயின. அதிலும் மருத்துவர்களைவிடச் செவிலியர்களே அதிகம் கழுவினார்கள். வேலை நெருக்கடி கூடக் கூட, கழுவுவது குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் நிலைமை மிக மோசம்.

1997-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதை நேரக் கணக்காகவே போட்டுக் காட்டியது. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் விதிப்படி ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போய்க் கழுவினால், ஒரு பகல் ஷிப்டில் செவிலியர்கள் அனைவரின் நேரத்திலும் சேர்த்து 16 மணி நேரம் அதற்கே போய்விடும். கட்டிலருகே ஆல்கஹால் திரவம் இருந்தால் 3 மணி நேரம் போதும். முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று திட்டியிருக்கிறோம்!

அந்தத் திரவம் ஜெர்மனியில் 1965-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஜெனீவாவில் அதைத் தயாரித்தவர் வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளுநர். பிட்டே அதைச் சுவரிலிருந்து கட்டிலுக்கும், செவிலியரின் சட்டைப் பைக்கும் கொண்டுவந்தார். 1997-க்குள் கைச்சுத்தம் நூற்றுக்கு 48-இலிருந்து 66 ஆனது. மருத்துவமனையிலேயே தொற்று வாங்கிய நோயாளிகளின் விகிதம் நூற்றுக்கு 16.9-இலிருந்து 9.9-க்கு வந்தது. நல்ல பராமரிப்பு வேண்டுமென்றால் செவிலியரின் நேரத்தை முதலில் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

2005-இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கையிலெடுத்தது. செய்முறையை எந்த நாடும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தது: 80 சதவீத எத்தனால், தோல் வறளாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின், கரைசலில் ஒளிந்திருக்கும் நுண்வித்துகளை அழிக்கத் துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. கலந்த பின் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாலியின் பமாகோ நகர மருத்துவமனையில் உள்ளூர்க் கரும்பு எரிசாராயத்திலேயே தயாரித்தார்கள். அங்கே கைச்சுத்தம் 8 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 22 ஆனது. குறைவுதான், ஆனால் பல வார்டுகளில் குழாயே சரிவர இல்லாத இடத்தில் கிடைத்த பலன் அது.

குப்பியால் ஆகாததும் உண்டு. ரத்தமோ மலமோ பட்ட கைக்கு அது உதவாது. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளும் அதற்கு அசைவதில்லை. அந்த நோயாளியைத் தொட்டவர் சோப்புப் போட்டு, 40 முதல் 60 நொடி வரை தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். அதற்கான குழாயை வார்டுக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது மருத்துவமனை நிர்வாகத்தின் வேலை.